எண் போடாத இடத்தில் கூடாரம்: ஓசார்க் காடுகளும் ஆறுகளும்

அமெரிக்காவில் கேம்ப்பிங் போகும் நம்மவர்களில் பெரும்பாலோர் மாநிலப் பூங்காக்களோடு நின்றுவிடுகிறார்கள். எண் போட்ட இடம், மேசை, தண்ணீர்க் குழாய், கழிப்பறை, கூப்பிடு தூரத்தில் இன்னொரு குடும்பம். சின்னக் குழந்தைகளோடு முதல் இரவைக் கழிக்க அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் அந்த எண்களுக்கு அப்பால், முன்பதிவும் கட்டணமும் இல்லாமல், நாமே இடம் தேடித் தங்கக்கூடிய பொதுநிலம் இந்த நாட்டில் எவ்வளவு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. வனத்துறையிடம் 154 தேசிய வனங்கள். புல்வெளிகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 19.3 கோடி ஏக்கர். மேற்கு மாநிலங்களில் நில மேலாண்மைத் துறையிடம் அதைவிட அதிகமாக, சுமார் 24.5 கோடி ஏக்கர். இவற்றின் பெரும்பகுதியில், தடை இல்லாத இடத்தில் கூடாரம் அடித்துக்கொள்ளலாம். பொதுவாக ஓர் இடத்தில் 14 நாட்கள் வரை தங்கலாம். சில வனங்களில் அது குறையும். இப்படித் தங்குவதை டிஸ்பர்ஸ்டு கேம்ப்பிங் என்று சொல்கிறார்கள்.

நான் மிசூரி மாநிலத்தில் வசிக்கிறேன். எனக்குப் பழக்கமான மண் ஓசார்க் மலைப்பகுதி: சுமார் 15 லட்சம் ஏக்கருக்குத் துண்டு துண்டாகப் பரந்திருக்கும் மார்க் ட்வைன் தேசிய வனம், அதையொட்டி ஓடும் கரன்ட், ஜாக்ஸ் ஃபோர்க், இலெவன் பாயின்ட் ஆறுகள். கரன்ட், ஜாக்ஸ் ஃபோர்க் இரண்டையும் காப்பதற்காக 1964இல் ஓசார்க் தேசிய நதிப் பூங்கா உருவானது. 1968இல் காட்டாறுகளைப் பாதுகாக்கும் சட்டம் வந்தபோது முதல் பட்டியலில் இடம்பெற்ற எட்டு ஆறுகளில் இலெவன் பாயின்டும் ஒன்று. அணையும் கான்கிரீட் கரையும் இல்லாமல் இவை இன்றும் ஓடுவது அந்தத் தலைமுறையின் பிடிவாதத்தால்தான். அவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

எண் போட்ட இடத்தில் நமக்காக வேறு யாரோ பல முடிவுகளை எடுத்து வைத்திருக்கிறார்கள். காய்ந்த மரத்தை வெட்டியிருப்பார்கள், கழிப்பறையை ஊற்றிலிருந்து தள்ளிக் கட்டியிருப்பார்கள், தீக்குழிக்கு இரும்பு வளையம் போட்டிருப்பார்கள். காட்டுக்குள் போனால் இவை எல்லாம் நம் பொறுப்பு. அந்த முடிவுகளில் பெரும்பாலானவை கூடாரத்தின் முதல் ஆணியை அடிப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் எடுக்கப்பட்டுவிடும். கூடாரத்தின் விலை, ஸ்லீப்பிங் பேக்கின் எடை, எந்த நிறுவனத்தின் அடுப்பு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே புதிதாகப் போகிறவர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: சூரியன் மறைய இரண்டு மணி நேரமாவது இருக்கும்போது போய்ச் சேருங்கள். வாரக் கடைசி என்றால் வெள்ளி இரவு வீட்டிலேயே தூங்கிவிட்டுச் சனி அதிகாலையில் கிளம்புங்கள். இருட்டில் தேர்ந்தெடுத்த இடம் நல்லதாக அமைந்தால் அது அதிர்ஷ்டம் மட்டுமே.

வரைபடத்திலிருந்து தொடங்குகிறேன். ஒவ்வொரு தேசிய வனமும் மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடம் ஒன்றை இலவசமாக வெளியிடுகிறது. கறுப்பு வெள்ளையில், அழகே இல்லாமல் இருக்கும். ஆனால் எந்தச் சாலையில் எந்த வாகனம் எந்த மாதங்களில் போகலாம் என்பதற்குச் சட்டப்படி செல்லுபடியாகும் ஆவணம் அதுதான். சாலையோரமாக வண்டியை ஓட்டிச்சென்று தங்க அனுமதித்த பகுதிகளைச் சில வனங்கள் அதே வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்திருக்கும். செல்பேசியில் இறக்கிவைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் நாம் எங்கே நிற்கிறோம் என்று அதன்மேல் பார்த்துக்கொள்ளலாம். காகிதத்திலும் ஒரு பிரதி வைத்திருங்கள்.

ஓசார்க்கில் இன்னொரு சிக்கல் உண்டு. வனத்துறை நிலத்துக்கு நடுவே தனியார் நிலம் பொட்டுப் பொட்டாகக் கிடக்கும், வேலி இருக்காது. மரத்தில் ஊதா நிறப் பட்டை பூசியிருந்தால் அதற்கு அத்துமீறி நுழையாதே என்று பொருள். மிசூரியில் அந்த வண்ணத்துக்குப் பலகைக்குரிய சட்ட வலிமை உண்டு. ஆறுகளிலும் இப்படித்தான். 1954இல் மெரமெக் ஆறு தொடர்பான வழக்கில், ஆற்றில் படகு விடவும், இறங்கி நடக்கவும், மீன் பிடிக்கவும் மக்களுக்கு உரிமை உண்டு என்று மிசூரி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கரைமேடு மட்டும் அதன் உரிமையாளருடையதுதான். பொதுநிலத்தின் வழியாக ஓடும் பகுதியில் தங்கினால் இந்தக் கேள்வியே எழாது. தனியார் நிலம் என்றால் கேட்டுவிட்டுத் தங்குங்கள். மரியாதையாகக் கேட்டதற்கு யாரும் என்னை விரட்டியதில்லை.

கிளம்புவதற்கு முன் அந்தப் பகுதியின் ரேஞ்சர் அலுவலகத்துக்கு ஒரு போன் செய்யுங்கள். நான் கேட்பவை இவை: தீத்தடை அமலில் இருக்கிறதா? எந்தச் சாலை அரித்துப் போயிருக்கிறது? மரம் வெட்டும் வேலையோ, வனத்துறையே திட்டமிட்டுக் காட்டில் தீ வைக்கும் வேலையோ நடக்கிறதா? தண்ணீரிலிருந்து எத்தனை அடி தள்ளித் தங்க வேண்டும்? கடைசிக் கேள்வி முக்கியமானது, ஏனென்றால் விதி இடத்துக்கு இடம் மாறுகிறது. பல வனங்கள் நீர்நிலையிலிருந்து 100 அடி என்றோ 200 அடி என்றோ சொல்கின்றன. ஓசார்க் நதிப் பூங்காவிலோ படகில் வருபவர்கள் ஆற்றின் கூழாங்கல் திட்டிலேயே தங்கலாம். அந்தத் திட்டில் மிதிபடச் செடி இல்லை, அடுத்த வெள்ளம் வந்து நம் தடத்தைக் கழுவிவிடும் என்பதால் அது அங்கே பொருந்துகிறது. ஒரு காட்டில் கற்ற விதியை இன்னொரு காட்டில் அப்படியே பின்பற்றக் கூடாது.

போன் எடுப்பவர் பெரும்பாலும் அந்தக் காட்டைக் கால்களால் அறிந்தவராக இருப்பார். நம் வண்டி எது என்று கேட்டு, இந்தச் சாலை வேண்டாம், அந்தச் சாலையில் போங்கள் என்று சொன்னவர்கள் உண்டு.

இனி ஆற்றங்கரை. இதைப்பற்றி மட்டும் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் உயிர் போவது இங்கேதான்.

2010 ஜூன் 11 அதிகாலையில் ஆர்கன்சாவின் வாஷிட்டா தேசிய வனத்தில், லிட்டில் மிசூரி ஆற்றங்கரையில் ஆல்பர்ட் பைக் என்ற இடத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது வெள்ளம் பாய்ந்தது. சில மணி நேரத்தில் ஆறு 20 அடிக்கு மேல் உயர்ந்தது. 20 பேர் இறந்தார்கள். அது எண் போட்ட முகாம்தான். 1976 ஜூலை 31 இரவு கொலராடோவின் பிக் தாம்சன் பள்ளத்தாக்கில் 140க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்று மழை கொட்டியது மேல்பகுதியில், கீழே இருந்த பலர் அதன் கடுமையை உணரவே இல்லை. 2025 ஜூலை 4 அதிகாலையில் டெக்சஸின் குவாடலூப் ஆறு நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அவர்களில் முகாமுக்கு வந்த சிறுமிகளும் இருந்தார்கள். மூன்றுமே கோடையில், இருட்டும் வேளையிலோ இருட்டிய பின்னரோ, குறுகிய பள்ளத்தாக்குகளில், மக்கள் விடுமுறைக்கு வந்திருந்த இடங்களில் நடந்தவை. அழகான ஆற்றங்கரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவை நினைவுக்கு வருகின்றன. வர வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

ஆறு எவ்வளவு உயரம் வந்துபோயிருக்கிறது என்பதை அதுவே எழுதி வைத்திருக்கும். கரையோரத்து சிக்கமோர் மரக்கிளைகளை அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேலே காய்ந்த புல்லும் சுள்ளியும் பிளாஸ்டிக் துண்டும் சிக்கியிருந்தால் வெள்ளம் அந்த உயரத்தில் ஓடியிருக்கிறது. வில்லோ கன்றுகள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருந்தால் அந்த இடம் அடிக்கடி மூழ்குகிறது. பாசி படிந்த பாறையும் பருத்த ஓக் மரங்களும் நிற்கும் மேட்டுக்குத் தண்ணீர் அரிதாகவே வருகிறது என்று கொள்ளலாம். வேன் பியூரன் ஊரில் 2017 ஏப்ரல் இறுதியில் கரன்ட் ஆறு அளவுமானியில் 37 அடியைத் தாண்டியது. அதற்கு முந்தைய உச்சம் 1904இல் பதிவான 29 அடி. அடையாளங்களும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். மேட்டில் தங்கினாலும், அதைவிட உயரமான இடத்துக்கு நடந்து ஏறும் வழி ஒன்று பின்னால் இருக்க வேண்டும். பின்னால் செங்குத்துப் பாறை, முன்னால் ஆறு என்ற திட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் அங்கே இறங்குவதில்லை.

அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் அளவுமானிகள் ஆற்றின் உயரத்தை இணையத்தில் காட்டிக்கொண்டே இருக்கின்றன. சிக்னல் போவதற்கு முன் கடைசியாக அதைப் பாருங்கள். நீங்கள் தங்கும் இடத்தின் வானிலையைவிட, ஆற்றின் மேல்பகுதியில் மழை உண்டா என்பதுதான் கேள்வி.

ஜாக்ஸ் ஃபோர்க்கில் இரண்டு குடும்பங்களாகப் படகில் போன ஒரு பயணத்தைச் சொல்கிறேன். அந்த ஆறு குறுகலானது, வேகமாக ஏறக்கூடியது. பகல் முழுவதும் வானம் தெளிந்திருந்தது. மாலையில் ஒரு கூழாங்கல் திட்டில் இறங்கினோம். திட்டிலேயே கூடாரம் அடிக்கலாம் என்றார் நண்பர். தண்ணீருக்குப் பக்கத்தில் மென்மையான மணல் இருந்தது. நான் பின்னாலிருந்த மேட்டைக் காட்டினேன். சாமான்களைத் தூக்கிக்கொண்டு இரண்டு முறை ஏறி இறங்க வேண்டியிருந்தது. சமையலை மட்டும் கீழே வைத்துக்கொண்டோம். தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வைத்தேன். ஆற்றங்கரையில் எங்கே தங்கினாலும் இதைச் செய்வேன். இரவில் மேற்கே வெகு தூரத்தில் மின்னியது. எங்களுக்கு ஒரு தூறல்கூட இல்லை.

நள்ளிரவுக்குப் பிறகு என் மகள்தான் எழுப்பினாள். "அப்பா, சத்தம் நின்றுவிட்டது" என்றாள். திட்டுக்குக் கொஞ்சம் கீழே கற்களின்மேல் தண்ணீர் சலசலத்து ஓடும் இடம் இருந்தது. அந்தச் சலசலப்பு அடங்கி, தாழ்ந்த முழக்கம் மட்டும் கேட்டது. ஆறு ஏறும்போது கற்கள் மூழ்கிவிடுவதால் ஓசை இப்படி மாறும். விளக்கோடு இறங்கிப் போனோம். குச்சியின் நுனி மட்டும் தெரிந்தது. தண்ணீர் கலங்கியிருந்தது, இலையும் சுள்ளியும் மிதந்து போயின. படகுகளை மேட்டுக்கு இழுத்துச் சிக்கமோர் மரத்தில் கட்டினோம், அடுப்பையும் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டோம். விடிந்தபோது, நாங்கள் சமைத்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அன்று முழுவதும் அங்கேயே இருந்தோம். மறுநாள் தண்ணீர் வடிந்து தெளியத் தொடங்கிய பிறகுதான் படகை இறக்கினோம். ஒரு நாளுக்கான உணவு கூடுதலாக இருந்ததால் காத்திருக்க முடிந்தது. ஏறிய ஆற்றில் படகை விடுகிறவர்களில் பலர் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்ற அவசரத்தில் விடுகிறவர்கள். கூடுதல் உணவும், தாமதமானால் கவலைப்பட வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வைத்திருப்பதும் அந்த அவசரத்தைத் தீர்க்கும்.

மழையே இல்லாமலும் ஆறு ஏறும். ஆர்கன்சாவில் புல் ஷோல்ஸ் அணைக்குக் கீழே வொயிட் ஆறு, மின் உற்பத்தி தொடங்கியதும் பல அடி உயரும். மேற்கு மலைகளில் பனி உருகும் காலத்தில், பகல் வெயிலில் உருகிய நீர் மாலையிலோ இரவிலோதான் கீழே வந்து சேரும். காலையில் முழங்கால் அளவில் கடந்த ஓடை இரவில் இடுப்பளவு நிற்கலாம். ஓசார்க் காட்டுச் சாலைகள் பல ஓடைகளைப் பாலம் இல்லாமல் வெறும் கான்கிரீட் தளத்தின்மேல் கடக்கின்றன. இரவு மழைக்குப் பிறகு அங்கே வண்டியை இறக்க வேண்டாம். ஓர் அடி உயரத்தில் வேகமாக ஓடும் தண்ணீர் சிறிய காரை நகர்த்திவிடும், இரண்டு அடி தண்ணீர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துச் சென்றுவிடும்.

ஆற்றைப் பார்த்தாயிற்று என்றால் மேலே பாருங்கள். ஓசார்க்கில் சிவப்பு ஓக் வகை மரங்கள் முதுமையாலும் வறட்சியாலும் பூச்சியாலும் கூட்டங்கூட்டமாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. பட்டை உரிந்த மரம், அடியில் காளான் முளைத்த மரம், மரங்கொத்தி துளைத்த மரம், முறிந்து இன்னொரு கிளையில் தொங்கும் கொம்பு ஆகியவற்றின் உயரத்துக்கு அப்பால்தான் கூடாரம் இருக்க வேண்டும். காற்று இல்லாத இரவிலும் கிளை விழும். நான் ஓர் இடத்தில் இறங்கியதும் கழுத்து வலிக்க அண்ணாந்தபடி சுற்றி வருவேன். கூட வருபவர்களையும் அப்படியே சுற்றச் சொல்வேன், ஏனென்றால் ஒரு கண்ணுக்குத் தப்பியது இன்னொன்றுக்குப் படும்.

பிறகு கீழே. பள்ளமான இடம் தட்டையாகத் தெரியும், மழை வந்தால் அதில்தான் தண்ணீர் தேங்கும். இலைகள் குவிந்து கிடக்கும் இடம் பெரும்பாலும் தண்ணீர் வந்து நின்ற இடம். கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டுவது பழைய வழக்கம். இன்று அதைப் பல இடங்களில் தடை செய்திருக்கிறார்கள், வெட்டிய வடு ஆண்டுக்கணக்கில் ஆறாது. லேசான சரிவில் தலையை மேட்டுப் பக்கம் வைத்துப் படுத்தால் வாய்க்காலே தேவையில்லை. குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவிலிருந்து வழிந்து ஆற்றோரம் தங்கும். ஓர் இருபது முப்பது அடி மேலே ஏறினால் விடியற்காலைக் குளிரும், கூடாரத்துக்குள் சொட்டும் ஈரமும் கண்கூடாகக் குறையும். முன்பே யாரோ தங்கித் தரை இறுகிப்போன இடம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். புதுப் புல்லை மிதித்துப் புது இடம் உண்டாக்குவதில் பெருமை ஒன்றும் இல்லை.

தண்ணீரைப்பற்றி ஒரு வேண்டுகோள். ஓசார்க் ஊற்றுகள் நீல நிறத்தில், கோடையிலும் சுமார் 14 பாகை செல்சியஸ் குளிரில் பொங்கி வரும். வேன் பியூரன் அருகேயுள்ள பிக் ஸ்பிரிங் நாளொன்றுக்குச் சராசரியாக 28 கோடி காலனுக்கு மேல் தள்ளுகிறது. அதைப் பார்த்தால் கையில் ஏந்திக் குடிக்கத் தோன்றும். குடிக்காதீர்கள். இந்த மலை முழுவதும் கரையும் பாறை. மண்ணில் விழும் மழை குழிகள் வழியாகவும் குகைகள் வழியாகவும் வடிகட்டப்படாமலேயே பல மைல் ஓடி ஊற்றாக வெளிவருகிறது. மேலே எங்கோ மாட்டுத் தொழுவத்தில் விழுந்ததும் அதில் வரலாம். ஒரு நிமிடம் கொதிக்க வையுங்கள். 6,500 அடிக்கு மேற்பட்ட மலையில் மூன்று நிமிடம். வடிகட்டி பயன்படுத்துகிறவர்கள் உறைபனி இரவில் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு படுங்கள். உள்ளே நின்ற நீர் உறைந்தால் அந்த நுண்குழல்கள் விரிசல் விடும். வெளியே பார்த்தால் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும், கிருமியும் சேர்ந்து வரும்.

அதே காரணத்தால்தான் மலங்கழிப்பதையும் நான் இவ்வளவு அக்கறையோடு சொல்கிறேன். கூச்சப்பட்டு இதைப் பேசாமல் விட்டதால் நாசமான முகாம்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்: மரத்துக்குப் பின்னால் காகிதக் குப்பை, ஈ, நாற்றம். தண்ணீர், பாதை, கூடாரம் மூன்றிலிருந்தும் 200 அடி, அதாவது பெரியவர் ஒருவர் நடக்கும் சுமார் 70 எட்டு தள்ளிப் போங்கள். ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள். அந்த மேல்மண்ணில்தான் மட்கச்செய்யும் உயிர்கள் அதிகம். முடிந்ததும் தோண்டிய மண்ணாலேயே மூடி, சருகைப் பரப்புங்கள். நம்மவர்களுக்குத் தண்ணீர் வேண்டும். ஒரு புட்டியில் எடுத்துச் சென்று அங்கேயே கழுவிக்கொள்ளலாம், ஆற்றில் இறங்கிக் கழுவக் கூடாது. காகிதம் பயன்படுத்தினால் அதைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கைக்குச் சோப்பும் 200 அடி தள்ளித்தான். கூழாங்கல் திட்டில் குழி தோண்டாதீர்கள், அங்கே மட்கச்செய்யும் மண் இல்லை. மேட்டுக்கு ஏறிப் போங்கள், அல்லது கழிவை எடுத்துவரும் பைகளைக் கொண்டுபோங்கள். கிராண்ட் கேன்யனில் கொலராடோ ஆற்றில் போகிறவர்களுக்கு விதி வேறு: சிறுநீர் ஆற்றிலேயே, மலம் முழுவதும் பெட்டியில் திரும்பி வர வேண்டும். பாலைவனக் கரையில் எதுவும் எளிதில் மட்காது, ஆற்றிலோ நீர் மிகுதி.

தீ மூட்டுவது பலருக்கு இந்தப் பயணத்தின் பாதி மகிழ்ச்சி. எனக்கும்தான். ஆனால் சமையலுக்கு நான் அதை நம்புவதில்லை. சின்ன எரிவாயு அடுப்பு எப்போதும் உடன் வரும், தீத்தடைக் காலத்தில் எந்த அடுப்புக்கு அனுமதி என்பதையும் கேட்டுக்கொள்கிறேன். விறகை வீட்டிலிருந்து ஏற்றிச் செல்லாதீர்கள். 2002இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட மரகத நிறத் துளைப்பான் வண்டு பல மாநிலங்களின் ஆஷ் மரங்களை அழித்திருக்கிறது. அது நெடுந்தூரம் போனதற்கு விறகு ஏற்றிய வண்டிகளும் காரணம். தரையில் விழுந்து காய்ந்த, மணிக்கட்டுப் பருமன் வரையுள்ள குச்சிகள் போதும். அவை முழுதாக எரிந்து சாம்பலாகும், கரிக்கட்டை மிஞ்சாது. ஆற்றுக் கல்லை அடுக்கி அடுப்பு கூட்டாதீர்கள். ஓசார்க் கூழாங்கற்களில் பெரும்பாலானவை சக்கிமுக்கி இனத்தவை. ஈரம் ஊறியவை சூட்டில் வெடித்துச் சில்லு தெறிக்கும். மணல் பாங்கான இடமாகப் பார்த்து அங்கே மூட்டுங்கள்.

அணைப்பதற்கு முறை ஒன்றுதான்: தண்ணீர் ஊற்று, கிளறு, மறுபடி ஊற்று, பிறகு புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு தெரிகிறதா என்று பார், இல்லையென்றால் தொட்டுப் பார். கை வைக்க முடியவில்லை என்றால் அது அணையவில்லை. மண்ணைப் போட்டு மூடுவது போதாது, அடியில் கனல் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். 2011இல் அரிசோனாவில் இரண்டு பேர் அணைந்துவிட்டது என்று நம்பி விட்டுச்சென்ற முகாம் நெருப்பு ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. கெட்ட எண்ணம் எதுவும் அவர்களுக்கு இருக்கவில்லை.

விலங்குகளைப்பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், நான் கடைசியில் சொல்கிறேன். ஓசார்க்கில் கருங்கரடி உண்டு, எண்ணிக்கையும் கூடி வருகிறது. ஆனால் உங்கள் உணவுப் பையைத் திறக்கப்போவது பெரும்பாலும் ரக்கூன்தான். உணவு, பற்பசை, குப்பை மூன்றையும் ஒரே பையில் போட்டு, தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில், அடிமரத்திலிருந்து நாலைந்து அடி தள்ளித் தொங்கவிடுங்கள், அல்லது கரடிக்கு எதிரான கெட்டிப் பெட்டியில் வையுங்கள். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட்கூட வேண்டாம். இரவில் சருகை மிதித்துக்கொண்டு பெரிய மிருகம் வருவதுபோல் கேட்டால் அது அனேகமாக அர்மடில்லோவாக இருக்கும். பூனை அளவுதான் இருக்கும், சத்தம் மட்டும் பெரிது. காப்பர்ஹெட் பாம்பு வெப்பமான இரவுகளில் வெளியே வரும், ஆகவே சிறுநீர் கழிக்க எழுந்தாலும் செருப்பும் விளக்கும் வேண்டும்.

உண்மையில் பயப்பட வேண்டியது உண்ணிக்கு. லோன் ஸ்டார் உண்ணி இங்கே ஏராளம்; அதில் முதிர்ந்த பெண் உண்ணிக்கு முதுகில் வெள்ளைப் புள்ளி இருக்கும். இந்த உண்ணியின் கடியால் சிலருக்கு ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி போன்ற பாலூட்டிகளின் இறைச்சிக்கே ஒவ்வாமை வந்துவிடுகிறது; பாலும் ஒத்துக்கொள்ளாமல் போகிறவர்கள் உண்டு. கிளம்புவதற்கு முன்பே 0.5 சதவீத பெர்மெத்ரின் மருந்தை உடைகள்மீது தெளித்து நன்றாக உலர வையுங்கள். அது தோலுக்கானதன்று, ஈரமாக இருக்கும்போது பூனைக்கும், எப்போதும் மீனுக்கும் நஞ்சு. எனவே ஆற்றங்கரையில் வைத்துத் தெளிக்காதீர்கள். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். தினமும் மாலையில் வெளிச்சம் போகும் முன் ஒருவருக்கொருவர் காதுக்குப் பின்னாலும் முழங்கால் மடிப்பிலும் தேடிப் பாருங்கள். எங்கள் குழந்தைகள் இதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள்.

எங்கே தங்குகிறோம், எந்தச் சாலையில் வண்டி நிற்கும், எந்த நாள் எந்த மணிக்குள் பேசவில்லை என்றால் ஷெரிஃப் அலுவலகத்தை அழைக்க வேண்டும் என்பதை எழுதி ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். இந்தப் பள்ளத்தாக்குகளில் பெரும்பாலும் சிக்னல் கிடைக்காது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியோ, அந்த வசதியுள்ள செல்பேசியோ இருந்தால் நல்லது. மரக்கிளை அடர்ந்த இடத்தில் அதுவும் தாமதிக்கும், ஆகவே எழுதிக் கொடுத்த தாளுக்கு அது மாற்றாகாது.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் காலம் செப்டம்பர் இறுதியும் அக்டோபரும். உண்ணி குறைந்திருக்கும், ஆறு பொதுவாகத் தாழ்ந்து தெளிந்திருக்கும், கோடைக் கூட்டம் கலைந்திருக்கும், இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் சுகமாகத் தூங்கலாம். நவம்பரில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் வரும். அப்போது போனால் குழந்தைகள் உட்பட அனைவரும் பளிச்சென்ற ஆரஞ்சு மேல்சட்டையும் தொப்பியும் அணிய வேண்டும், அல்லது அந்த வாரங்களை விட்டுவிடலாம். முதல் இரவுக்கு ஆற்றங்கரை வேண்டாம். காட்டுக்குள் மேட்டில் ஓர் இடம் பாருங்கள், வண்டியிலிருந்து ஐந்து நிமிட நடைக்குள். பகலில் ஆற்றுக்கு இறங்கிப் போய், மரக்கிளைகளில் சிக்கிய வெள்ளக் குப்பையைத் தேடிப் பழகுங்கள். ரேஞ்சர் அலுவலகங்கள் பெரும்பாலும் வார நாட்களில்தான் திறந்திருக்கும், எனவே சனிக்கிழமை போவதாக இருந்தால் வியாழனுக்குள் பேசிவிடுங்கள்.